நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது புயலா, சுவரா? கத்ரீனாவுக்கு இருபது வருஷம் கழித்து ஒரு பதில்

"நியூ ஆர்லியன்ஸ் கடல் மட்டத்துக்குக் கீழே கட்டின ஊர், அங்கே ஐந்தாம் வகைப் புயல் வந்தால் மூழ்கத்தானே செய்யும், இதில் யாரைக் குறை சொல்வது? அந்தப் பள்ளத்திலேயே மறுபடியும் ஊரைக் கட்டியது சரியா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் மண் பரிசோதனை, அடித்தளம் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன், நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற அமெரிக்க மாநிலமான லூசியானாவில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன், கத்ரீனாவில் வீடு இழந்தவர்களோடு பழகியிருக்கிறேன். பதில் நீளமாகத்தான் வரும். ஏனென்றால் உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு தகவல்கள் பிசகாக இருக்கின்றன. அது உங்கள் தப்பு இல்லை, 2005லிருந்தே உலகம் முழுக்க அப்படித்தான் பரவியிருக்கிறது.

முதலில் புயல். கத்ரீனா 2005 ஆகஸ்ட் 23ஆம் தேதி பஹாமாஸ் பக்கம் உருவாகி, 25ஆம் தேதி தெற்கு ஃப்ளோரிடாவைக் கடந்து மெக்சிகோ வளைகுடாவுக்குள் போனது. 28ஆம் தேதி காற்று மணிக்கு 280 கிலோமீட்டர், அதாவது ஒன்றிலிருந்து ஐந்து வரை போகிற புயல் அளவில் உச்சமான ஐந்தாம் வகை. அது உண்மைதான், ஆனால் அப்போது அது நடுக்கடலில் இருந்தது. 29ஆம் தேதி திங்கட்கிழமை காலை லூசியானாவின் தெற்கு முனையில் பியூராஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது மூன்றாம் வகைக்கு இறங்கி 205 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தது. புயலின் கண்ணும் நகரத்தின் மேல் வரவில்லை, கிழக்கே விலகி வடக்கு நோக்கிப் போனது. வடக்கே போகிற புயலுக்கு வலது பக்கம்தான் மோசமான பக்கம், கடலைத் தள்ளிக்கொண்டு வருவது அதுதான். அந்தப் பக்கம் மாட்டியது பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் கடற்கரை. பாஸ் கிறிஸ்டியன், வேவ்லாண்ட், பே செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களில் கடல் எட்டு மீட்டருக்கு மேல் ஏறி வந்து வீடுகளை அஸ்திவாரம் மட்டும் விட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டு போனது. அங்கே நடந்ததை இயற்கையின் சீற்றம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

நியூ ஆர்லியன்ஸ் மாட்டியது இடது பக்கத்தில். நகரத்தின் பெரும்பகுதியில் வீசிய காற்று ஒன்றாம் வகை, இரண்டாம் வகை அளவுதான். திங்கட்கிழமை மத்தியானம் நகரத்தின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் நின்றுகொண்டிருந்த டிவிக்காரர்கள், ஓடுகள் பறந்திருக்கின்றன, மரங்கள் சாய்ந்திருக்கின்றன, நகரம் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி லேக்வியூ, ஜென்டில்லி, லோயர் நைந்த் வார்டு என்ற குடியிருப்புப் பகுதிகள் எல்லாம் கூரை வரை தண்ணீரில் இருந்தன.

எப்படி? இதற்கு ஊரின் அமைப்பு தெரிய வேண்டும். தெற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பான்சர்ட்ரைன் ஏரி. ஏரி என்று பெயரே தவிர, அது கடலோடு தொடர்புள்ள பெரிய உப்பங்கழி. நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். மழை பெய்தால் தண்ணீர் தானாக வெளியே போகாது, பம்ப் வைத்து இறைத்து, மூன்று பெரிய கால்வாய்கள் வழியாக ஏரிக்குத் தள்ள வேண்டும். பதினேழாம் தெருக் கால்வாய், ஆர்லியன்ஸ் அவென்யூ கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய். இவை ஊருக்குள்ளே வெகுதூரம் வருகின்றன, 2005ல் ஏரி வாய்க்குக் கதவு கிடையாது. ஏரி ஏறினால் கால்வாயும் ஏறும். கால்வாய்க்கும் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மண்கரையும் அதன் மேல் ஒரு கான்கிரீட் சுவரும் மட்டும்.

1980களில் கால்வாய் வாயில் கதவு போடலாமா, கால்வாய் நெடுக இருபுறமும் சுவர் எழுப்பலாமா என்று வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. கதவை மூடினால் மழைத்தண்ணீரை இறைக்க முடியாதே என்று உள்ளூர் வாரியங்கள் பயந்தன. அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. கடைசியில் சுவர்தான் என்று முடிவானது. வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையுடையது. 1965ல் பெட்சி என்ற புயல் இதே நகரத்தை மூழ்கடித்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்திருந்தது. அதாவது நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருந்த வேலை, கத்ரீனா வந்தபோதும் முடியவில்லை.

அந்தச் சுவர் எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், மொத்த விவகாரத்தின் மையமே அதுதான். மண்கரைக்குள் இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியைக் கான்கிரீட்டில் மூடுவார்கள். நிற்கிற பலம் முழுக்க மண்ணுக்குள் இறங்கிய தகட்டில்தான். நியூ ஆர்லியன்ஸ் மண்ணோ பழைய சதுப்புநிலம்: மக்கிய இலைதழை, அதன் கீழே களிமண், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி. கால்வாயில் தண்ணீர் ஏறியதும் சுவர் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்ததும் கால்வாய்ப் பக்கம் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்கி, தகட்டின் அடி வரைக்கும் போய், முழு ஆழத்துக்கும் அழுத்தம் கொடுத்தது. அதற்கப்புறம் கரையின் பாதிதான் எதிர்த்து நிற்கிறது, மீதிப் பாதி பிரிந்துபோய்விட்டது. கீழே இருந்த களிமண் அடுக்கு வழுக்க, சுவரும் கரையும் ஒரே கட்டியாக வீடுகளின் பக்கம் நகர்ந்துவிட்டன. பதினேழாம் தெருக் கால்வாயில் உடைப்பு நூறு மீட்டருக்கு மேல் அகலம். அது உடையும்போது தண்ணீர் சுவரின் உச்சிக்கு நாலைந்து அடி கீழே இருந்தது. சுவரைத் தாண்டித் தண்ணீர் வழியவே இல்லை. லண்டன் அவென்யூவில் இரண்டு இடத்தில் உடைந்தது, அங்கே கீழே மணல், தண்ணீர் மணல் வழியாகக் கசிந்து அடியை அரித்துத் தூக்கியது.

இந்த இடைவெளிப் பிரச்சினை யாருக்கும் தெரியாத ஒன்று என்று சொல்ல முடியாது. 1985ல் பொறியாளர் படையே லூசியானாவின் அச்சாஃபலாயா பகுதியில் ஒரு மாதிரிச் சுவர் கட்டித் தண்ணீர் நிரப்பிச் சோதனை செய்திருந்தது. அந்த முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தகடுகளை இன்னும் ஆழம் குறைவாக இறக்கினாலும் போதும், பணம் மிச்சம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் மண்ணின் வலிமையைக் கணக்கிடும்போது நீளமான பகுதிக்குச் சராசரி எடுத்தார்கள். சராசரி என்பது இந்த வேலையில் ஆபத்தான விஷயம், ஏனென்றால் கரை சராசரி இடத்தில் உடையாது, பலவீனமான இடத்தில்தான் உடையும். கரைக்கு நடுவில் மேலே உள்ள எடையால் அமுங்கிய மண் கெட்டியாக இருக்கும், கரையின் ஓரத்தில் அதே மண் இளக்கமாக இருக்கும், அந்த வித்தியாசத்தையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. போதாததற்கு ஊரே அமுங்கிக்கொண்டிருக்கிறது, உயரம் அளக்க நட்டிருந்த பழைய அளவுக்கல்லை நம்பி உயரம் வைத்ததால் சில சுவர்கள் வரைபடத்தில் இருந்ததை விட ஒன்றிரண்டு அடி குட்டையாகவே நின்றன. இதெல்லாம் எதிர்ப்பாளர்கள் கிளப்பிவிட்ட கதை இல்லை. பொறியாளர் படை தானே அமைத்த ஆய்வுக்குழுவின் 2006 அறிக்கை பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது, அந்த ஆண்டு ஜூனில் படையின் தலைவர் கார்ல் ஸ்ட்ராக் வடிவமைப்பு தோற்றுப்போனதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

கிழக்குப் பக்கம் கதை வேறு, அங்கே தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்தது உண்மை. ஆனால் அங்கேயும் மனிதக் கை உண்டு. கப்பல்கள் வளைந்து வளைந்து ஆற்றில் வர வேண்டாமே என்று 1960களில் வளைகுடாவிலிருந்து நகரத்துக்கு 76 மைல் நீளத்துக்கு ஒரு கப்பல் கால்வாய் வெட்டினார்கள். எதிர்பார்த்த அளவு கப்பல் அதில் வரவில்லை. உப்புத்தண்ணீர் மட்டும் தாராளமாக உள்ளே வந்து, புயலின் வேகத்தைத் தணிக்கும் சைப்ரஸ் காடுகளையும் சதுப்பையும் கொன்றது. அதன் ஓரத்துக் கரைகள் பல இடங்களில் தோண்டியெடுத்த மணலும் கிளிஞ்சலும் கலந்த மண்ணால் போட்டவை, அலை அடித்ததும் கரைந்தன. செயின்ட் பெர்னார்ட் பகுதியில் தப்பிய வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் உடைந்து லோயர் நைந்த் வார்டுக்குள் தண்ணீர் சுவர் மாதிரியே பாய்ந்து வீடுகளை அடித்தளத்திலிருந்து பிடுங்கி எறிந்தது, ஒரு பெரிய படகும் அந்த உடைப்பு வழியாக வந்து வீடுகளின் மேல் உட்கார்ந்தது. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடைப்புகள், நகரத்தின் எண்பது சதவீதம் தண்ணீரில்.

லோயர் நைந்த் வார்டில் இன்றைக்கும் சில பெரியவர்கள் கரையை வெடி வைத்துத்தான் உடைத்தார்கள் என்று சொல்வார்கள். வெளியிலிருந்து கேட்பவர்கள் அதைச் சதிக்கோட்பாடு என்று தள்ளிவிடுகிறார்கள். 2005ல் யாரும் வெடி வைக்கவில்லை, அது ஆய்வில் தெளிவு. ஆனால் 1927 பெருவெள்ளத்தில் நகரத்துப் பணக்காரர்களையும் வங்கிகளையும் காப்பாற்ற, அரசாங்கமே கெர்னார்வான் என்ற இடத்தில் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்து, செயின்ட் பெர்னார்ட், ப்ளாக்மின்ஸ் பகுதி மக்களை மூழ்கடித்தது வரலாறு. வாக்களித்த நஷ்டஈடும் பெரும்பாலானோருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவர் அப்படி நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்து, ஏன் மக்கள் வெளியேறவில்லை என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். பெரும்பாலானோர் வெளியேறினார்கள். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்தையும் வெளியே போக மட்டும் திறந்துவிட்ட ஏற்பாடு நன்றாக வேலை செய்தது, சுற்றுவட்டாரத்திலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் போனார்கள். சனிக்கிழமை இரவு தேசியப் புயல் மையத்தின் இயக்குநர் மாக்ஸ் மேஃபீல்டே மேயர் ரே நேகினுக்குப் போன் செய்து எச்சரித்தார். கட்டாயமாக வெளியேற வேண்டும் என்ற உத்தரவு ஞாயிறு காலைதான் வந்தது, கரை கடக்க ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. நகரத்தில் சுமார் ஒரு லட்சம் பேருக்குக் கார் வசதி கிடையாது. மாதக் கடைசி வேறு, உதவித்தொகையும் ஓய்வூதியமும் ஒன்றாம் தேதிதான் வரும், கையில் பெட்ரோலுக்கும் விடுதிக்கும் காசு இல்லாத நேரம். முந்தின வருஷம் ஐவன் புயலுக்குப் பயந்து பத்து பன்னிரண்டு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் கிடந்து, புயல் வேறு பக்கம் போய்விட்ட அனுபவமும் இருந்தது. படுக்கையில் கிடக்கிற அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று நின்றவர்களும் நிறைய.

இதற்கெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 2004 ஜூலையில் பேம் என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து மத்திய, மாநில, உள்ளூர் அதிகாரிகள் கூடி உட்கார்ந்து, நகரம் மூழ்கினால் என்ன ஆகும் என்று நாள்கணக்கில் பயிற்சி செய்தார்கள். 2002ல் உள்ளூர்ப் பத்திரிகையான டைம்ஸ்-பிக்கயூன் நடக்கப்போவதை ஒரு தொடராகவே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் சூப்பர்டோம் ஸ்டேடியத்தில் திங்கட்கிழமை பத்தாயிரம் பேர், அப்புறம் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, கூரை கிழிந்து, மின்சாரம் போய், கழிவறை நிரம்பி, ஆகஸ்ட் வெயிலில் நாள்கணக்கில். கன்வென்ஷன் சென்டரில் இருபதாயிரம் பேர், அங்கே தண்ணீரோ சாப்பாடோ வைக்கவே இல்லை, ஏனென்றால் அது முகாமாகத் திட்டத்திலேயே கிடையாது. அவர்களை உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மத்தியப் பேரிடர் நிர்வாகத்தின் தலைவர் மைக்கேல் பிரவுன் வியாழக்கிழமைதான் தனக்கு அந்த விஷயம் தெரியும் என்றார். உதவி அங்கே போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை.

கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. யார் உத்தரவுக்கும் காத்திராமல் முதல் நாளே இறங்கி, மொத்தம் 33,000 பேருக்கு மேல் மீட்டார்கள். மீன்பிடிப் படகோடு வந்த சாதாரண ஜனங்களும் அப்படித்தான். பெட்சியின்போது பரணில் சிக்கிச் செத்தவர்களை நினைவு வைத்திருந்த குடும்பங்கள் பரணில் ஒரு கோடாலி போட்டு வைத்திருந்தன, கூரையை உள்ளேயிருந்து வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கோடாலி இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வதந்தி செய்த கொலைகளையும் சொல்லியாக வேண்டும். சூப்பர்டோமில் நூற்றுக்கணக்கில் பிணம், குழந்தைகளைக் கூட நாசம் செய்கிறார்கள், ஹெலிகாப்டரைச் சுடுகிறார்கள் என்று மேயரும் போலீஸ் தலைவருமே டிவியில் சொன்னார்கள். கடைசியில் சூப்பர்டோமில் கிடைத்தது ஆறு உடல்கள்: நான்கு இயற்கை மரணம், ஒன்று போதைமருந்து, ஒன்று தற்கொலை. ஆனால் அந்த வதந்தியை நம்பி, புதன்கிழமை இரவு போலீஸாரை மீட்புப் பணியிலிருந்து எடுத்துக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார்கள். ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்து காய்ந்த பக்கம் போக வந்தவர்களை மறுகரைப் போலீஸ் துப்பாக்கியோடு திருப்பி அனுப்பியது. செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதம் இல்லாமல் நடந்துபோனவர்கள் மேல் நகரப் போலீஸார் சுட்டதில் இருவர் செத்தார்கள், பலர் காயம், அந்த வழக்கு 2016 வரை இழுத்தது. வதந்தி கறுப்பு மக்களைப் பற்றி என்பதால்தான் அவ்வளவு சுலபமாக எல்லோரும் நம்பினார்கள், இதை நான் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர்? பல வருஷம் 1,833 என்று சொல்லிவந்தார்கள், 2023ல் தேசியப் புயல் மையம் கணக்கைச் சரிபார்த்து 1,392 என்று திருத்தியது. லூசியானா மரணங்களை ஆராய்ந்த ஒரு ஆய்வில் 971 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். முதியோர் இல்லம் ஒன்றில் மட்டும் 35 பேர். பல மருத்துவமனைகளில் ஜெனரேட்டரோ அதன் மின் இணைப்புகளோ கீழ்த்தளத்தில் இருந்ததால் தண்ணீர் ஏறியதும் வென்டிலேட்டர், லிஃப்ட், ஏசி எல்லாம் நின்றன. மெமோரியல் மருத்துவமனையில் 45 உடல்கள் கிடைத்தன. இளைஞர்களின் கலவரம் என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் உண்மையில் செத்துக்கொண்டிருந்தவர்கள் தாத்தா பாட்டிகள்.

உதவி உலகம் பூராவிலிருந்தும் வந்தது. சுனாமி அடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்த இலங்கை 25,000 டாலர் கொடுத்தது, இந்தியா ஒரு விமானம் நிறையப் போர்வை, தார்ப்பாய் அனுப்பியது. தொகை சின்னதுதான், ஆனாலும் அதை நான் மறக்கமாட்டேன்.

தண்ணீரை இறைத்து முடிக்க அக்டோபர் 11 வரை, 43 நாள் ஆனது. நடுவில் செப்டம்பர் 24ல் ரீட்டா புயல் வந்து லோயர் நைந்த் வார்டை மறுபடி நிரப்பியது. திரும்பி வந்தவர்கள் பார்த்தது சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், வீட்டுக்கு வீடு தெருவில் தூக்கிப்போட்ட அழுகின ஃபிரிட்ஜ், கதவில் மீட்புக்குழு பெயின்ட்டில் போட்ட பெருக்கல் குறி, அதன் கீழ்க் கட்டத்தில் உள்ளே கிடைத்த உடல்களின் எண்ணிக்கை. காப்பீடு இருந்தவர்களுக்கு அடுத்த அடி: சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றுக்குத்தான், வெள்ளத்துக்கு இல்லை, அதற்குத் தனியாக அரசுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்று நிரூபிக்கச் சொன்னார்கள், நிரூபிக்க வீடே இல்லாதவர்களிடம்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே என்று தோன்றும். போட்டார்கள். 1928ல் வந்த ஒரு வெள்ளத் தடுப்புச் சட்டம், வெள்ளநீரால் ஏற்படும் சேதத்துக்கு மத்திய அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்கிறது. கால்வாய்ச் சுவர் வழக்கை அந்தச் சட்டத்தின் பேரில் 2008ல் தள்ளுபடி செய்த நீதிபதி, தீர்ப்பிலேயே பொறியாளர் படையைக் கடுமையாகச் சாடிவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். கப்பல் கால்வாய் வழக்கில் அவரே 2009ல் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார், மேல்முறையீட்டில் 2012ல் அதுவும் போனது.

வீடு கட்ட அரசாங்கம் கொடுத்த உதவியில்தான் எனக்கு இன்னும் கோபம் அதிகம். 'ரோட் ஹோம்' என்ற திட்டம், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் டாலர். கணக்கு எப்படியென்றால், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, கட்டி முடிக்க ஆகும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்து. ஒரே அளவில் இரண்டு வீடு, கட்ட ஒரே செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் இருக்கும் பகுதியில் வீட்டு மதிப்பு அதிகம், கறுப்பர்கள் இருக்கும் பகுதியில் குறைவு. ஒருவருக்குக் கட்டுமளவுக்குப் பணம், இன்னொருவருக்கு பாதி வீட்டுக்குக்கூடப் போதாது. செங்கலும் சிமென்ட்டும் இருவருக்கும் ஒரே விலைதான். 2008ல் வழக்குப் போட்டு 2011ல் சமரசம் வந்தது, அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது, பலர் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் வேரூன்றிவிட்டார்கள். இன்னொரு சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: லோயர் நைந்த் வார்டில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் நகரச் சராசரியை விட அதிகம், ஆனால் பல வீடுகள் தாத்தா பெயரிலேயே இருந்தன, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாற்றவே இல்லை. பத்திரம் உங்கள் பெயரில் இல்லையா, பணம் இல்லை. அந்தப் பகுதியில் 2000ல் சுமார் 14,000 பேர், 2010 கணக்கெடுப்பில் மூவாயிரத்துக்கும் கீழே.

அதே சமயத்தில், வெள்ளத்தில் பெரிய சேதம் இல்லாத கட்டடங்கள் உட்பட நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளை, சுமார் 4,500 வீடுகள், இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் ஓட்டுப் போட்டது. பொதுப்பள்ளி ஊழியர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் வேலையிலிருந்து எடுக்கப்பட்டு, பள்ளிகள் தனியார் நிர்வாகக் குழுக்களிடம் போயின. தேர்வு மதிப்பெண் உயர்ந்தது என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட, ஆனால் ஒரு தலைமுறைக் கறுப்பின ஆசிரியர்களின் நடுத்தர வாழ்க்கை அதோடு போனது. 1736லிருந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த சாரிட்டி மருத்துவமனையும் திறக்கவே இல்லை, அதற்குப் பதில் புது மருத்துவமனை வந்தது 2015ல். நகரத்தின் ஜனத்தொகை 2000ல் 4,84,674, 2020ல் 3,83,997.

சரி, மறுபடி கட்டியது சரியா? என் பதில் ஆமாம். நகரம் முழுக்கப் பள்ளம் என்பதும் பாதிதான் உண்மை, ஏறக்குறைய பாதி நகரம் கடல் மட்டத்திலோ அதற்கு மேலோதான் இருக்கிறது. ஆற்றோரத்து மேட்டில் 1718லிருந்து இருக்கிற பிரெஞ்சு குவார்ட்டர் கத்ரீனாவிலும் மூழ்கவில்லை. பள்ளமாக இருக்கிற பகுதிகளும் பிறக்கும்போதே பள்ளம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய பம்ப்கள் வந்து சதுப்பை வற்றவைத்தன, வற்றிய மண் காய்ந்து சுருங்கி அமுங்கியது, அமுங்கியதால் இன்னும் இறைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் தானியத்தில் பெரும்பகுதி அந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்கு வருகிறது, அங்கே ஒரு நகரம் இருந்தே ஆக வேண்டும். 2006 ஜனவரியில் ஒரு கமிஷன், தாழ்வான பகுதிகளில் பச்சை வட்டம் போட்டு, இங்கேயெல்லாம் பூங்கா வரலாம் என்று ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தது. ஒரு திட்டமாகப் பார்த்தால் அதில் அறிவியல் இருந்தது. ஆனால் நிலத்துக்கு மாற்று நிலமும் பணமும் தராமல் உன் வீடு இனிப் பூங்கா என்று பத்திரிகையில் படிக்கச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? பச்சை வட்டம் விழுந்த பிராட்மூர் ஜனங்கள் தாங்களே கூடிக் குழு போட்டு, வீடு வீடாகக் கணக்கெடுத்து, தங்கள் பகுதியைத் தாங்களே மீட்டார்கள். கிழக்கு ஓரத்தில் இருந்த வியட்நாமிய மக்களும் அப்படித்தான், மாதாகோயிலை மையமாக வைத்து எல்லோருக்கும் முன்னாலேயே திரும்பி வந்தார்கள்.

இன்றைக்கு ஊர் பாதுகாப்பாக இருக்கிறதா என்றால், 2005ஐ விட மிகவும் நல்ல நிலை. சுமார் 14.5 பில்லியன் டாலரில் புதிய கரைகள், கிழக்கே போர்ன் ஏரி ஓரமாக மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் தடுப்பு, மூன்று கால்வாய் வாயிலும் கதவும் பம்பும். அந்தக் கப்பல் கால்வாயையும் 2009ல் பாறை கொட்டி அடைத்தார்கள். 2021ல் அதே ஆகஸ்ட் 29ஆம் தேதி நான்காம் வகைப் புயலான ஐடா வந்தபோது கரைகள் நின்றன. ஆனால் நகரத்துக்கு வரும் எட்டு மின்வழிகளும் அறுந்து, வெப்பத்தில் முதியவர்கள் இறந்தார்கள். கரை வளையத்துக்கு வெளியே இருந்த லாப்ளாஸ் மூழ்கியது. புதிய கரைகள் நூறு வருஷ வெள்ளத்துக்கு என்று சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம், முப்பது வருஷ வீட்டுக்கடன் காலத்துக்குக் கூட்டிப் பார்த்தால் நான்கில் ஒரு வாய்ப்புக்கு மேல் வந்துவிடும். நெதர்லாந்து தன் மையக் கடற்கரைக்குப் பத்தாயிரம் வருஷ அளவு வைத்திருந்த இடத்தில் இது ரொம்பக் குறைவு, கரைகளும் அமுங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது உயர்த்த வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை கரைக்கு வெளியே இருக்கிற சதுப்பு. 1930களிலிருந்து லூசியானா ஐயாயிரம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு நிலத்தைக் கடலிடம் இழந்திருக்கிறது. ஆற்றுக்குக் கரை கட்டிப் பூட்டியதால் வண்டல் சதுப்புக்குப் போகாமல் நேரே கடலில் விழுகிறது, எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு உள்ளே வருகிறது. ஆற்றுக்கரையில் ஒரு வாசல் திறந்து வண்டலை மறுபடி சதுப்புக்கு அனுப்பும் பாரட்டாரியா திட்டத்தை 2023ல் தொடங்கினார்கள், சுமார் மூன்று பில்லியன் டாலர், பணம் 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவு நஷ்டஈட்டிலிருந்து வந்தது. சிப்பி, இறால் பிடிப்பவர்கள் தங்கள் பிழைப்பு போகும் என்று எதிர்த்தார்கள், நல்ல தண்ணீர் வந்தால் சிப்பி சாகும் என்பது உண்மைதான். 2025 ஜூலையில் மாநில அரசு திட்டத்தையே கைவிட்டது. சிப்பிக்காரர்களுக்கு ஒழுங்கான நஷ்டஈடும் மாற்று வழியும் கொடுத்து அதை நடத்தியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அது இல்லாமல் வெறும் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு வருஷமும் அந்தக் கரைக்குக் கடல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கும்.